வாய் திறக்காத மென்பொருளை என்விடிஏ கொண்டு ஓட்டுவது எப்படி? பில்லிங் முதல் எடைமேடை வரை முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி டவுன் ரத வீதி மொத்தக்கடைகள், அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகள், முக்கூடல் பீடிக் கம்பெனி அலுவலகங்கள் போன்ற இடங்களில் ஓடும் சாஃப்ட்வேர்களில் பல, என்றைக்கோ உள்ளூரில் யாரோ எழுதிக் கொடுத்தவை. எழுதியவர் மனதில், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் இருந்திருக்காது. திறந்தால் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலத்தில் "பேன்" என்றோ "அன்நோன்" என்றோ ஒரு சொல் சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். பார்வையற்ற ஊழியர் அந்த நாற்காலியில் உட்கார முடியாது என்று அண்ணாச்சி அத்தோடு முடிவுகட்டிவிடுவார். பெரும்பாலும் அந்த முடிவு அவசரமானது. திரையில் எழுத்து எந்த வழியில் வரையப்படுகிறது என்று தெரிந்துகொண்டால், அதற்கேற்ற கருவியை எடுத்து வேலையை நடத்திவிடலாம்.

இந்த வழிகாட்டி என்விடிஏவை ஓரளவு பழகியவர்களுக்கானது. கீழே "என்விடிஏ விசை" என்று வருமிடமெல்லாம் இன்செர்ட் அல்லது கேப்ஸ்லாக். நீங்கள் எதை வைத்திருக்கிறீர்களோ அது. விசைகள் டெஸ்க்டாப் அமைப்புக்கானவை. லேப்டாப்பில் நம்பேட் இல்லையென்றால் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் தனி யுஎஸ்பி நம்பேட் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு லேப்டாப் விசைச் சேர்க்கைகள் கையை முறிக்கும்.

முதலில் சரிபார்க்க வேண்டியவை

மென்பொருளைக் குறை சொல்லும் முன் நான்கு விஷயங்கள்.

ஒன்று, என்விடிஏ கணினியில் நிறுவப்பட்டதா, பென்டிரைவிலிருந்து ஓடுகிறதா? பழைய பில்லிங் மென்பொருள்கள் பலவற்றை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று அமைத்து வைத்திருப்பார்கள். போர்ட்டபிள் என்விடிஏவால் அந்த உரிமையில் ஓடும் நிரலுக்குள் நுழைய முடியாது. வேறெங்கும் நன்றாகப் பேசிவிட்டு, அந்த ஒரு நிரலில் மட்டும் ஒரு விசைக்கும் பதில் வரவில்லையென்றால் காரணம் அநேகமாக இதுதான். முறையாக நிறுவினால் தீரும்.

இரண்டு, நம்லாக் அணைந்திருக்க வேண்டும். எரிந்துகொண்டிருந்தால் நீங்கள் அழுத்தும் நம்பேட் 7 திரையை வாசிக்காது. பில்லில் 7 என்ற எண்ணாக ஏறிவிடும். பில்லிங் மேசையில் நம்பேடில் எண் அடித்துப் பழகியவர்கள் இதில் கட்டாயம் சிக்குவார்கள். எண்களை மேல் வரிசையில் அடிப்பது என்று கையைப் பழக்கிவிடுவது நல்லது.

மூன்று, சாளரம் முழுத்திரையில் இருக்கட்டும்: விண்டோஸ் + மேல் அம்பு. திரையின் அளவுவீதத்தை, அதாவது டிஸ்ப்ளே ஸ்கேலிங்கை, ஒருமுறை முடிவுசெய்தபின் மாற்றாதீர்கள். பின்னால் மவுஸ் இடங்களைச் சேமிக்கும்போது எல்லாம் இதை நம்பித்தான் நிற்கும்.

நான்கு, அந்த மென்பொருளுக்கென்று தனி புரொஃபைல், அதாவது அதற்கு மட்டுமான என்விடிஏ அமைப்புகள். நிரலில் இருக்கும்போதே என்விடிஏ + கன்ட்ரோல் + பி (P) அழுத்தி, "நியூ" கொடுத்து, நடப்பு நிரலுக்கு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் நிறுத்தக்குறி அளவைக் கூட்டுங்கள். தசமப் புள்ளியும் கழித்தல் குறியும் காதில் விழாமல் கணக்கு வேலை செய்யவே கூடாது. திரையைக் கறுப்பாக்கும் ஸ்கிரீன் கர்ட்டனையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் ஓசிஆர் வேலை செய்யாது.

எதில் எழுதப்பட்டது என்று கண்டுபிடியுங்கள்

யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நிரலுக்குள் ஏதாவது ஒரு பெட்டியில் நின்றபடி என்விடிஏ + எஃப்1 அழுத்துங்கள். லாக் வியூவர் திறந்து, நீங்கள் நின்ற பொருளைப் பற்றிய தகவல் வரிகள் தெரியும். "விண்டோகிளாஸ்நேம்" என்று தொடங்கும் வரியைத் தேடி வாசியுங்கள்.

அதில் "தண்டர்ஆர்டி6" என்று தொடங்கும் பெயர் வந்தால் விஷுவல் பேசிக் 6. "டிஎடிட்", "டிபட்டன்" மாதிரி டி (T) என்ற எழுத்தில் தொடங்கினால் டெல்ஃபி. "விண்டோஸ்ஃபார்ம்ஸ்10" என்றால் டாட்நெட். "சன்ஏடபிள்யூடி" என்றால் ஜாவா. "குரோம்" என்று தொடங்கினால் உள்ளே இருப்பது இணையப் பக்கம்தான். என்விடிஏ + ஸ்பேஸ் அழுத்தி, இணையப் பக்கத்தை அம்பு விசைகளால் வாசிக்கும் பிரவுஸ் மோடுக்கு மாறினால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். முழுச் சாளரத்துக்கும் ஒரே ஒரு பெயர்தான் வருகிறது, டேப் எத்தனை முறை அழுத்தினாலும் அதே பெயர்தான் என்றால், மென்பொருள் தன் திரையைத் தானே வரைந்துகொள்கிறது. அந்த வகைதான் கடினம்.

ஜாவா என்றால் ஒரு தனி வேலை உண்டு. ஜாவா நிரலை ஸ்கிரீன் ரீடரோடு இணைக்கும் ஜாவா அக்சஸ் பிரிட்ஜ் அணைந்திருந்தால் என்விடிஏவுக்கு எதுவுமே கேட்காது. ஜாவா 7 அப்டேட் 6 முதல் இது ஜாவாவோடேயே வருகிறது, இயக்கினால் போதும். ஜாவா நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் பின் (bin) என்ற உள்ஃபோல்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஜே, ஏ, பி ஆகிய மூன்றெழுத்தையும் ஸ்விட்ச் என்ற சொல்லையும் இடைவெளியின்றிச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடு, எனேபிள் என்று ஆங்கிலத்தில் அடித்து (jabswitch -enable) என்டர் கொடுங்கள். பிறகு என்விடிஏ, அந்த நிரல் இரண்டையும் மூடித் திறக்க வேண்டும். டிஜிட்டல் கையொப்பக் கருவிகளில் சில ஜாவாவில் எழுதப்பட்டவை. அவற்றிலும் இதைச் செய்து பாருங்கள்.

விசைப்பலகை வரைபடம்

மவுஸ் தந்திரங்களுக்குப் போகுமுன், விசைகளால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பாருங்கள். பழைய மென்பொருள்களில் ஒரு நல்ல குணம் உண்டு: டாஸ் காலத்துக் கைகளுக்காக எழுதப்பட்டவை என்பதால் எஃப் விசைகள் நிறைய இருக்கும். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளை எடுத்துக்கொண்டால் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், கன்ட்ரோல் + ஏ பதிவை ஏற்க. திரை பேசினாலும் பேசாவிட்டாலும் இந்த விசைகள் மாறுவதில்லை.

உங்கள் மென்பொருளுக்கும் இப்படி ஒரு வரைபடம் தயாரியுங்கள். பார்வையுள்ள ஒருவரை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு திரையிலும் கேட்க வேண்டியது: திறந்ததும் கர்சர் எங்கே நிற்கிறது? டேப் அழுத்த அழுத்த எந்த வரிசையில் போகிறது? என்டரும் டேப்பும் ஒரே வேலையைச் செய்கின்றனவா? எஸ்கேப் கேட்காமல் மூடுமா, கேட்டுவிட்டு மூடுமா? எல்லாவற்றையும் நோட்பேடில் எழுதுங்கள். பிரெய்லில் ஒரு பிரதி இருந்தால் இன்னும் நல்லது. பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு ஸ்லேட்டும் ஸ்டைலஸும் கைக்குப் புதிதல்ல.

சரக்குப் பெயரைப் பட்டியலில் தேடித் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஐட்டம் கோட் அடிக்கும் வழிக்கு மாறுங்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளம் 100 கிராமுக்கு 101, 200 கிராமுக்கு 102, பத்தமடைப் பாய்க்கு 301 என்று இருந்தால், கீழே விரியும் பட்டியல் வாசிக்கப்படாவிட்டாலும் கவலையில்லை.

இன்செர்ட் விசையில் மோதல் வரும். பல மென்பொருள்களில் இன்செர்ட் அடித்தால் புது வரி சேரும். அதை என்விடிஏ பிடித்துக்கொள்ளும். இன்செர்ட்டை வேகமாக இருமுறை அழுத்தினால் இரண்டாவது நிரலுக்குப் போகும். வேறு விசைகள் மோதினால் என்விடிஏ + எஃப்2 அழுத்திவிட்டு அந்த விசையை அழுத்துங்கள்.

பொருள்வழி உலாவல்

திரையில் உள்ள ஒவ்வொரு பெட்டியும் பட்டனும் என்விடிஏவுக்கு ஒரு பொருள். டேப் போகாத இடத்துக்கும் என்விடிஏ போகும். என்விடிஏ + நம்பேட் 8 தாய்ப் பொருளுக்கும், 2 அதன் முதல் பிள்ளைக்கும், 4 முந்தையதற்கும், 6 அடுத்ததற்கும் கொண்டுசெல்லும். நடுவில் உள்ள 5 இப்போது எங்கே நிற்கிறோம் என்று சொல்லும். படிநிலை தலைசுற்றினால் என்விடிஏ + நம்பேட் 3, 9 ஆகியவை எல்லாவற்றையும் ஒரே நேர்வரிசையில் முன்பின்னாகக் காட்டும். கிடைத்த பட்டனை என்விடிஏ + நம்பேட் என்டர் இயக்கும். திரும்பிவர என்விடிஏ + நம்பேட் கழித்தல்.

திடீரென்று ஓர் அறிவிப்புப் பெட்டி வந்து பேச்சு நின்றுவிட்டால் என்விடிஏ + பி (B), முன்னால் உள்ள சாளரம் முழுவதையும் வாசிக்கும். அது விண்டோஸின் வழக்கமான செய்திப் பெட்டி என்றால் கன்ட்ரோல் + சி அடித்தாலே செய்தி முழுதும் கிளிப்போர்டுக்கு வந்துவிடும். என்விடிஏ + சி அழுத்திக் கேளுங்கள். பிழைச் செய்தியை எழுத்து பிசகாமல் டெவலப்பருக்கு அனுப்ப இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

ஸ்கிரீன் ரிவியூ

விஷுவல் பேசிக் 6, டெல்ஃபி மென்பொருள்களில் உண்மையான திறவுகோல் இதுதான். அவற்றில் லேபிள்கள், அதாவது திரையில் வெறுமனே காட்டப்படும் எழுத்துகள், தனிச் சாளரம் இல்லாதவை. டெல்ஃபியில் ஸ்பீட்பட்டன் என்ற பட்டன் வகையும் அப்படியே. சாளரம் இல்லாததால் பொருள்வழி உலாவலில் அவை தட்டுப்படவே மாட்டா. ஆனால் எழுத்து விண்டோஸின் ஜிடிஐ என்ற பழைய வரையும் முறை வழியாக வரையப்படுவதால், வரையப்படும்போதே என்விடிஏ அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

1. என்விடிஏ + நம்பேட் 7-ஐ ஓரிரு முறை அழுத்துங்கள், "ஸ்கிரீன் ரிவியூ" என்று சொல்லும்வரை.
2. ஷிஃப்ட் + நம்பேட் 7 திரையின் முதல் வரிக்குப் போகும். பிறகு நம்பேட் 9 அடுத்த வரி, 7 முந்தைய வரி. சொல் சொல்லாக 4, 6; எழுத்தெழுத்தாக 1, 3.
3. வேண்டிய சொல்லில் நின்று என்விடிஏ + நம்பேட் வகுத்தல். மவுஸ் அந்தச் சொல்லின் மேல் வந்து நிற்கும்.
4. நம்பேட் வகுத்தல் இடது கிளிக். நம்பேட் பெருக்கல் வலது கிளிக்.
5. முடிந்ததும் என்விடிஏ + நம்பேட் 1 அழுத்திப் பழைய முறைக்குத் திரும்புங்கள். மறந்தால் அடுத்த அரை மணி நேரம் எதுவும் ஒழுங்காக வாசிக்காது.

மொத்தத் தொகை, பாக்கி, பில் எண் போன்றவை லேபிள்களாகத்தான் இருக்கும். எல்லாம் இந்த வழியில் கிடைக்கும். விஷுவல் பேசிக் கிரிட்டின் (அட்டவணையின்) வரிகளும் பல நேரம் இங்கே வரிசையாக வாசிக்கப்படும்.

தவறுவது எங்கே? சில சமயம் மாறிப்போன பழைய எண்ணையே வாசிக்கும். விண்டோஸ் + டி-யை (D) இருமுறை அழுத்தித் திரையை மறைத்துக் கொண்டுவந்தால் மறுபடி வரையப்பட்டு, புது எழுத்து கிடைக்கும். அப்படியும் வெறுமையாகவே இருந்தால், மென்பொருள் ஜிடிஐ வழியாக வரையவில்லை. டபிள்யூபிஎஃப் போன்ற புதிய முறைகளில் ஸ்கிரீன் ரிவியூ உதவாது. ஓசிஆருக்குப் போக வேண்டியதுதான்.

ஓசிஆர்: பார்க்க உதவும், பணத்தை நம்பக்கூடாது

விண்டோஸ் 10 முதல் என்விடிஏ + ஆர் அழுத்தினால், நேவிகேட்டர், அதாவது பொருள்வழி உலாவல், நிற்கும் பொருளின் படத்தை எழுத்தாக்கித் தரும். முழுச் சாளரமும் வேண்டுமென்றால் முதலில் என்விடிஏ + நம்பேட் 8 அழுத்தி மேலே ஏறி, பிறகு ஆர். முடிவை அம்பு விசைகளால் வாசியுங்கள். ஒரு சொல்லில் நின்று என்டர் கொடுத்தால் அந்த இடத்தில் கிளிக் விழும். எஸ்கேப் வெளியே வரும். மாறாத ஒரு கணத்தின் படம் அது. அடியில் திரை மாறிவிட்டால் மீண்டும் எடுக்க வேண்டும்.

ஓசிஆர் 8-ஐ 0 என்னும், 1-ஐ எல் என்னும், தசமப் புள்ளியை விழுங்கும். 1,250.00 என்பது 125000 ஆக வந்தால் காது சட்டென்று பிடிக்காது. அதனால் எந்தத் தொகையையும் ஓசிஆரை மட்டும் கேட்டுச் சேமிக்காதீர்கள். அந்தக் கட்டத்தில் எஃப்2 அழுத்தினால் திருத்தும் பெட்டி திறக்கிறதா பாருங்கள். திறந்தால் ஹோம், ஷிஃப்ட் + எண்ட், கன்ட்ரோல் + சி, என்விடிஏ + சி. கிளிப்போர்டு பொய் சொல்லாது.

ஜிஎஸ்டி எண்ணை ஓசிஆரில் வாசிக்க நேர்ந்தால் அதன் அமைப்பே சோதனை. மொத்தம் 15 இடம். தமிழ்நாட்டு வியாபாரி என்றால் முதலிரண்டு 33. அடுத்த 10 இடம் பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. 14-ஆவது வழக்கமாக இசட். எழுத்து வரவேண்டிய இடத்தில் 0 கேட்டால் அது ஓ. 14-ஆவது இடத்தில் 2 கேட்டால் அது இசட்.

திரையின் படத்தை ஏஐ சேவைக்கு அனுப்பி விவரம் கேட்கும் ஆட்-ஆன்களும் (என்விடிஏவோடு சேரும் துணை நிரல்கள்) வந்துவிட்டன. எங்கே எந்த ஐகான் இருக்கிறது என்று முதல்முறை தெரிந்துகொள்ள அருமை. ஆனால் வாடிக்கையாளர் பாக்கிக் கணக்கோடு திரை வெளியே போகிறது. அண்ணாச்சியிடம் கேட்காமல் செய்யக்கூடாது. டெமோ கம்பெனி ஒன்றை உருவாக்கி அந்தத் திரையை அனுப்புவது பாதுகாப்பு.

ஜாஸ் என்ற மற்றொரு ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துபவர்களுக்கு: இன்செர்ட் + ஸ்பேஸ், பிறகு ஓ, பிறகு டபிள்யூ என்றால் சாளரத்தின் ஓசிஆர். நம்பேட் கழித்தல் ஜாஸ் கர்சர், கூட்டல் பிசி கர்சர். மற்ற உத்திகளில் பல, விசைகள் வேறானாலும், பொருந்தும்.

மவுஸ் இடங்களைச் சேமித்தல்

படமாக மட்டுமே இருக்கும் பட்டனுக்கு எழுத்தும் இல்லை, பெயரும் இல்லை. அதற்கு "கோல்டன் கர்சர்" என்ற ஆட்-ஆன். என்விடிஏ 2023.2 முதல் டூல்ஸ் மெனுவில் இருக்கும் ஆட்-ஆன் ஸ்டோரில் தேடி நிறுவலாம். மவுஸை அந்தப் பட்டனில் வைத்து ஒரு பெயர் கொடுத்துச் சேமித்தால், பிறகு அந்த நிரலில் எப்போது வேண்டுமானாலும் பட்டியலிலிருந்து அந்த இடத்துக்குத் தாவலாம்.

முதல்முறை இடத்தைக் காட்டப் பார்வையுள்ளவர் வேண்டும். பட்டனின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். சாளரம் முழுத்திரையில் இல்லாவிட்டாலோ, மானிட்டர் மாறினாலோ, ஸ்கேலிங் மாறினாலோ எல்லா இடங்களும் தவறிப்போகும். "டெலீட்" பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள எதையும் இந்த முறையில் கிளிக் செய்யாதீர்கள். அதற்கு வேறு வழி தேடுங்கள்.

எடைமேடைத் திரை

அரிசி ஆலை, கல்குவாரி, சிமென்ட் லாரி வரும் இடங்களில் எடைமேடை மென்பொருள் தனி ரகம். எடை பெரிய சிவப்பு இலக்கங்களாகப் படமாக ஓடும். கால்குலேட்டர் பாணியில் ஏழு கோடுகளால் ஆன அந்த இலக்கங்களில் ஓசிஆர் பெரும்பாலும் தோற்கும்.

ஓடும் எண்ணைத் துரத்த வேண்டாம். லாரி நின்று எடை நிலைத்ததும் கேப்சர் விசையை அழுத்தினால், எடை சாதாரணப் பெட்டி ஒன்றில் வந்து விழும். அந்தப் பெட்டியை என்விடிஏ வாசிக்கும். எடை நிலைத்ததா என்று எப்படித் தெரியும்? இரண்டு மூன்று முறை கேப்சர் செய்து ஒரே எண் வருகிறதா பாருங்கள்.

அதுவும் முடியாவிட்டால், எடையைக் காட்டும் கருவியான இண்டிகேட்டரிலிருந்து கணினிக்கு வரும் ஆர்எஸ்-232 கேபிளிலேயே எடை எழுத்தாக வந்துகொண்டிருக்கிறது. புட்டி போன்ற டெர்மினல் நிரலில் சீரியல் என்று தேர்ந்தெடுத்து, காம் போர்ட் எண்ணையும் இண்டிகேட்டர் கையேட்டில் உள்ள பாட் வேகத்தையும் கொடுத்தால் எண்கள் வரிசையாக வரும். ஆனால் ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். எடைமேடை மென்பொருளை மூடினால்தான் புட்டி திறக்கும். யுஎஸ்பி மாற்றியை வேறு துளையில் செருகினால் காம் எண் மாறிவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு சோதனைகள் எப்போதும் கைவசம் இருக்கட்டும். மொத்த எடையிலிருந்து வெற்று லாரியின் எடையைக் கழித்தால் நிகர எடை வர வேண்டும். எடைமேடைகள் 5, 10 அல்லது 20 கிலோ பிரிவுகளாகக் காட்டுவதால் கடைசி இலக்கம் 0 அல்லது 5 ஆகத்தான் இருக்கும். 7 கேட்டால் வாசிப்பில் பிழை.

தமிழ் எழுத்து கிறுக்காகக் கேட்டால்

பெயர்ப் பெட்டியில் நின்றால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மாறி மாறிக் கேட்கின்றன என்றால், உள்ளே இருப்பது பாமினி அல்லது வானவில் போன்ற பழைய எழுத்துரு. திரையில் தமிழாகத் தெரியும். சேமித்திருப்பது ஆங்கிலக் குறிகள். என்விடிஏவின் குரலை மாற்றிப் பயனில்லை. இசுபீக்கின் தமிழானாலும் விண்டோஸின் வள்ளுவர் குரலானாலும் குறியைத்தான் வாசிக்கும். விண்டோஸ் ஓசிஆரின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லாததால் அந்த வழியும் அடைப்பு.

செய்யக்கூடியது: பட்டியலை டெக்ஸ்ட் அல்லது எக்செல்லாக ஏற்றுமதி செய்து, என்எச்எம் கன்வர்ட்டர் கொண்டு யூனிகோடாக்கி, வாடிக்கையாளர் எண்ணும் பெயரும் கொண்ட தனிக் கோப்பாக வைத்துக்கொள்வது. மென்பொருளில் எண்ணை அடியுங்கள். பெயரைக் கோப்பில் கேளுங்கள். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுவிட்டது. கடை மென்பொருள்கள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

இதே ஏற்றுமதி வழி அறிக்கைகளுக்கும் பொருந்தும். நாள்பதிவேடு, பாக்கிப் பட்டியல் எதையும் திரையில் வாசிக்க முயலாதீர்கள். எக்செல் ஏற்றுமதி இல்லையென்றால் "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்" பிரிண்டருக்கு அச்சிடுங்கள். பிடிஎஃப் எழுத்தாக வந்தால் நேராக வாசிக்கலாம். படமாக வந்தால் ஓசிஆர்.

எழுதியவரிடம் கேட்பது

உள்ளூர் மென்பொருளுக்கு ஒரு பலம் உண்டு: எழுதியவர் வண்ணார்பேட்டையிலோ பாளையிலோ கூப்பிடு தூரத்தில் இருக்கலாம். "ஸ்கிரீன் ரீடருக்கு ஏற்றபடி செய்து கொடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. பெரிய வேலை என்று தள்ளிப்போடுவார். அவர் மொழியில், திரை வாரியாகக் கேளுங்கள்:

"சார், விற்பனை பில் திரையில் மூன்று மாற்றம் வேண்டும். ஒன்று, டேப் அழுத்தினால் பார்ட்டி பெயரிலிருந்து தேதிக்குத் தாவுகிறது. டேப்இன்டெக்ஸை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துங்கள். இரண்டு, சேவ், பிரிண்ட் இரண்டும் மவுஸில் மட்டும்தான் வேலை செய்கின்றன. ஆல்ட் + எஸ், ஆல்ட் + பி கொடுங்கள். மூன்று, மொத்தத் தொகை லேபிளில் இருக்கிறது. அதை ரீட்ஒன்லி டெக்ஸ்ட்பாக்ஸாக மாற்றி, டேப்பில் வரும்படி வையுங்கள்."

எந்த மொழியில் எழுதப்பட்டது என்று ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பதால் இன்னும் துல்லியமாகவும் சொல்லலாம். டாட்நெட் என்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் அக்சசிபிள்நேம் என்ற பண்பில் பெயரை எழுதினால் போதும். டெல்ஃபி என்றால் ஸ்பீட்பட்டனுக்குப் பதில் பிட்பட்டன், லேபிளுக்குப் பதில் ஸ்டாட்டிக்டெக்ஸ்ட். விஷுவல் பேசிக் என்றால் லேபிளின் கேப்ஷனில் ஆம்பர்சண்ட் குறியிட்டு, அதன் டேப்இன்டெக்ஸைப் பெட்டிக்கு ஒன்று முன்னால் வைத்தால், ஆல்ட்டும் அந்த எழுத்தும் நேராகப் பெட்டிக்குக் கொண்டுபோகும். டபிள்யூபிஎஃப் என்றால் ஆட்டோமேஷன்பிராப்பர்டீஸ்.நேம்.

அரசு அலுவலகத்தில் இந்தச் சிக்கல் என்றால் கோரிக்கை எழுத்தில் போகட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 20-ஆம் பிரிவு, அரசு நிறுவனங்கள் ஊழியருக்குத் தக்க வசதி செய்து தர வேண்டும் என்கிறது. மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. இரண்டையும் எண்ணோடு குறிப்பிடுங்கள்.

புதுப் பதிப்பு வந்ததும் உடனே கடைக் கணினியில் ஏற்ற விடாதீர்கள். டேட்டாவின் பிரதி ஒன்றில் ஓட்டி, உங்கள் வரைபடத்தை வரி வரியாகச் சரிபாருங்கள். டேப் வரிசை ஓர் இடத்தில் மாறியிருந்தாலும், அளவுப் பெட்டியில் விலை ஏறிவிடும்.